அடைத்த காது வாங்கித் தந்த நல்ல பெயர்

குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவின் சூப்பிரண்டெண்டுக்கு ஊர் வைத்த பெயர் வெண்கலம். அவர் வாயைத் திறந்தால் வரிசை தானாகப் பின்வாங்கும். அவரிடம் வந்த யாரும் தன் குறையை முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. பாதியிலேயே “நாளைக்கு வாங்க!” என்று வெட்டிவிடுவார். நாளைக்கு வந்தால் அன்றைக்கும் அதே பதில்.

கடைசியில் புகார்ப் பிரிவைப் பற்றியே மேலிடத்துக்குப் புகார் போனது. மாதக் கடைசியில் பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், நடத்தை சரியில்லை என்றால் மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் என்று தாக்கீது வந்தது. அங்கே இரண்டு மோட்டார், நாலு ஊழியர், மிச்சமெல்லாம் பனி. வெண்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“மனசுக்குக் கொஞ்சம் மாறுதலா இருக்கட்டும் மாமா” என்று மாப்பிள்ளை, மாமனார் மாமியாரைக் கடலோரத்துக்கு அனுப்பிவைத்தார். போக வர விமானம், நடுவில் ஸ்கூபா டைவிங். தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று சொல்லியே தலை நரைத்த மனுஷர், முதுகில் சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறங்கினார். மூக்கடைப்பு இருந்தது. சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்பணம் கட்டியாகிவிட்டது, சளிக்குப் பயந்தால் மாமனார் என்ற கெத்து என்ன ஆவது?

“காது வலிச்சா மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதுங்க சார். அப்பவும் வலிச்சா மேல வந்துடுங்க” என்றான் பயிற்சியாளன். வலித்தது. எதிரே ஒரு மீன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே வர மனம் வரவில்லை.

கரையேறியதும் அவன் இன்னொன்றும் சொன்னான். “இன்னிக்கு பிளேன் ஏறாதீங்க சார். உடம்புல கரைஞ்ச வாயு மெதுவாத்தான் வெளிய போகும். நாளைக்குப் போங்க.”

நாளைக்கு! அந்தச் சொல்லை அவரிடமே ஒருத்தன் சொல்வதா?

“அவர் சொல்றதைக் கேட்டா என்னங்க குறைஞ்சு போயிடும்?” என்றாள் மனைவி.

“அவன் சொல்லுவான். இன்னொரு நாள் ரூம் வாடகை யாருக்குப் போகுதாம்?”

அன்று மாலையே விமானம் ஏறினார். அது கீழே இறங்கத் தொடங்கியபோது இடது காதுக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகினார்கள். தரை தொட்டபோது காது கப்பென்று அடைத்துக்கொண்டது. விமான நிலையத்தின் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெட்டி வரும் பட்டையோடு சேர்ந்து அவரும் சுற்றினார்.

காது டாக்டரம்மா உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். “கடலுக்குள்ள காதை நசுக்கினீங்க, ஆறுறதுக்குள்ள வானத்துல கொண்டுபோய் மறுபடியும் நசுக்கியிருக்கீங்க. நல்லவேளை, ரத்தத்துல வாயுக் குமிழி எதுவும் கிளம்பல. சவ்வுக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. மூக்குல இந்த மருந்தை அடிங்க. தலையை வெடுக்குன்னு திருப்பாதீங்க.”

“இன்னிக்கே சரியாயிடாதா டாக்டர்?”

“ஆகாது. அடுத்த வாரம் வாங்க.”

மறுநாள் அலுவலகத்தில் அதிசயம் நடந்தது. வேகமாக எழுந்தால் தலை சுற்றியதால் வெண்கலம் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். மரியாதை என்று எண்ணினார்கள். வாயைத் திறந்தால் சொந்தக் குரலே மண்டைக்குள் குடத்தில் கத்தியதுபோல் எதிரொலித்தது, அதனால் கிசுகிசுத்தார். பணிவு என்று பூரித்தார்கள். நல்ல காதை நீட்டி, உதட்டையே உற்றுப் பார்த்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டினார்.

கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நடையாய் நடந்த அம்மாள் கண் கலங்கினாள். “என் கூடப்பொறந்த அண்ணன்கூட இப்படிக் காது குடுத்துக் கேட்டதில்ல!” குழாயில் வந்தது என்னவோ அதே கலங்கல்தான்.

வீட்டிலும் அப்படித்தான். “கல்யாணமாகி இப்பத்தான் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுறீங்க” என்ற மனைவி, மூக்கு மருந்தை எடுத்து மேல் அலமாரியில், அவருக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள். அவரும் கேட்கவில்லை. அதிகாரி வந்து போகிற வரைக்கும் இந்தக் காது இப்படியே இருந்தால் மலைக்குப் போகாமல் தப்பிக்கலாமே!

அதிகாரி வந்தார். பொதுமக்கள் நாற்காலியை வெண்கலம் வலப்பக்கமாகப் போட்டு வைத்திருந்தார். அதிகாரியோ கூச்சமில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்து இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். பாட்டில் அம்மாள் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள். வெண்கலம் குறுக்கிடவே இல்லை. அதிகாரி உருகிப்போய், அவர் தோளில் கை வைத்து, இடது காதருகே குனிந்து நீளமாக என்னவோ சொன்னார். திரும்பினால் தலை சுற்றும். ஓரக்கண்ணில் சிரித்த முகம் தெரிந்தது. பாராட்டுதான், வேறென்ன? வெண்கலம் விடாமல் தலையாட்டினார். “எல்லாம் உங்க பெரிய மனசு சார்” என்று குழைந்தார்.

கைகுலுக்கிவிட்டு அதிகாரி போனார். அவர் காது சங்கதி தெரிந்த, பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் பெண் எழுந்துபோய், கொஞ்சம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். வலது காதுப் பக்கம் வந்து நின்றாள்.

“என்ன சார், இப்படிச் சரின்னுட்டீங்க?”

“எதுக்கும்மா?”

“மலை ஸ்டேஷன்ல நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறதே இல்லையாம். உங்களை மாதிரிப் பொறுமையாக் கேக்கிற ஆள்தான் அங்க வேணும், போறீங்களான்னு கேட்டார். நீங்க தலையை ஆட்டிக்கிட்டே இருந்தீங்க.”

வெண்கலம் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அடிப்பாவி! எனக்குக் காது கேக்கலைன்னு அவர்கிட்ட சொல்லக்கூடாதா?”

“கார் வரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன் சார். ‘இவ்வளவு கேட்டுட்டு காதே கேக்கலைங்கிறாரா, என்ன ஒரு அடக்கம்!’னு சொல்லிட்டு ஏறிட்டார்.”