செருப்பு காக்கும் தியெப் அக்கா

"திரும்பி வந்து என்ன சாப்பிடுவீங்க?"

சைகோனிலிருந்து வந்திருந்த இளைஞன் விழித்தான். ஒரு காலில் வாடகை ரப்பர் செருப்பு, மறுகால் வெறுங்கால். அம்மன் பாறைக்குப் போகச் செருப்பு கேட்டவனிடம் இந்தம்மாள் ஏன் சாப்பாட்டை விசாரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"தெரியலங்க..."

"தெரியலன்னா யோசிங்க. யோசிச்சு முடிக்கற வரைக்கும் இந்த ஒத்தச் செருப்பு என் கையில இருக்கட்டும்."

பின்னால் நின்ற அவன் காதலி சிரித்துக்கொண்டே குறுக்கிட்டாள். "நூடுல்ஸ் சாப்பிடுவான் அத்தை, விடுங்க."

"என்ன நூடுல்ஸ்? மீனா, மாட்டுக்கறியா?"

"மீன்."

அதற்கு அப்புறம்தான் இரண்டாவது செருப்பு கைமாறியது.

கடல் உள்வாங்கும் நாட்களில் தியெப் அக்காவை இந்த வுங்தாவ் ஊரின் தென்முனையில் பார்க்கலாம். சாயம் போன நீலக் குடை, கால் ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தார்ப்பாய். முகத்தில் பூப்போட்ட துணிக்கவசம், தலையில் ஓலைத்தொப்பி. நடுவில் கண்கள் மட்டும் தெரியும். அதுவே போதும், திட்டு வாங்குகிறவர்களுக்கு. தண்ணீர் வடிந்ததும் கரையிலிருந்து, கடலுக்குள் கோயிலைச் சுமந்து நிற்கும் அம்மன் பாறை வரைக்கும் கல்வரிசை ஒன்று முதுகு காட்டும். கல் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். வெறுங்காலோடு போனால் கால் கிழியும், நல்ல செருப்போடு போனால் செருப்பு கிழியும். அதனால் வருகிறவர்கள் தங்கள் செருப்பை அக்காவிடம் விட்டுவிட்டு, அவள் தரும் தடித்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார்கள்.

விட்டுப்போன செருப்புகளை அவள் அடுக்குவதைப் பார்க்கவேண்டும். எல்லாம் சாலையைப் பார்த்தபடி இருக்கும், வந்ததும் காலை நுழைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். குடும்பத்தோடு வந்தவர்களுடையது ஒரு கும்பலாக இருக்கும். சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதிகளுடையதை இன்னும் கொஞ்சம் நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வைப்பாள். "அதுங்களாவது பேசிக்கட்டும்" என்பாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம், மலையடிவாரத்தில், என் காப்பிக்கடை. அண்ணாந்தால் மரங்களுக்கு மேலே, மலையுச்சியில் நிற்கும் ஏசு சிலையின் விரித்த கை ஒன்று மட்டும் தெரியும். வேன்களில் வருகிற யாத்திரைக் கூட்டம் காலையில் படியேறி அவரைப் பார்க்கும். பிறகு பெரிய மலையில் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கும். ஊருக்குள் மீனவர்கள் சாமியாகக் கும்பிடும் திமிங்கலத் தாத்தாவின் எலும்புகளுக்கு ஊதுவத்தி கொளுத்தும். கடல் வடிகிற நேரத்துக்கு இங்கே வந்து இறங்கும். யாரையும் விட்டுவைப்பதில்லை. அதற்குள் களைத்துப்போய், பாதிப்பேர் என் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப்பேர் தியெப் அக்காவிடம் மாட்டிக்கொள்வார்கள்.

"இந்தக் குதிகால் செருப்போடயா வந்தீங்க? அம்மனா, மாப்பிள்ளையா, யாரைப் பாக்க?"

"படம் புடிச்சது போதும், வாங்க! கடல் உங்களைப் புடிக்கறதுக்குள்ள வாங்க!"

இந்த இரண்டாவது கத்தல், தண்ணீர் ஏறத் தொடங்குவதற்கு வெகுமுன்பே ஆரம்பித்துவிடும். கடல் எப்போது திரும்பும் என்று யார் கேட்டாலும் உண்மை நேரத்தைச் சொல்லமாட்டாள். முன்கூட்டியே ஒரு நேரத்தைச் சொல்லுவாள். அடித்துப்பிடித்து ஓடிவந்தவர்கள் கரையில் நின்று பார்த்தால் கல்வரிசை காய்ந்துகொண்டிருக்கும். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு பாருங்க! பொய் சொல்லிட்டீங்களே!" என்று சண்டைக்கு வருவார்கள். "ஆமா, பொய்தான். அம்மன்கிட்ட போய்ப் புகார் சொல்லவும் முடியாது, பாதை மூடப்போவுது" என்பாள்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. கேட்டவர்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்லுவாள். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்து முதல் கல்லைத் தொட்டால், தானே கூப்பிட்டு வரவழைத்ததுபோல் ஒரு பெருமை.

ஒரு பெண் வந்த அன்றும் அக்கா சரியான நேரத்தைத்தான் சொன்னாள். பெயர் லியென். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பியென்ஹோவாவில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தவளாம். கூட்டம் இல்லாத நாள். தனியாக வந்தாள், வெள்ளை வார் வைத்த செருப்பைக் கழற்றினாள். "தண்ணி எப்ப ஏறும், அத்தை?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள். வாடகைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றியதைக் குனிந்து எடுத்து அக்காவின் கையில் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்த நேரம் அது. எனக்கும் காதில் விழுந்தது. நான் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் ஏறியது. மற்றவர்கள் வந்தார்கள். அவள் வரவில்லை. அக்கா முதலில் கத்தினாள், பிறகு கடலுக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள். மீனவர்கள் படகெடுத்துப் போனார்கள். மறுநாள் பின்கடற்கரைப் பக்கம் அவள் உடல் கிடைத்தது.

அன்றைக்கு என் கடையில் வந்து உட்கார்ந்து அக்கா ஒரே ஒருமுறை அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

"எல்லாரும் என்ன சொல்லுவாங்க தம்பி? 'இத வச்சிருங்க'ம்பாங்க. அந்தப் பொண்ணு 'இத வச்சுக்குங்க'ன்னு சொல்லிச்சு. 'வச்சுக்குங்க.' நீயும்தான் கேட்ட. எனக்கு உறைக்கலயே. இத்தன வருசமா செருப்பு வாங்கி வைக்கறவ, எனக்கு உறைக்கலயே."

எனக்கும்தான் உறைக்கவில்லை. நான் காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து லியெனின் அப்பா வந்தார். பெயர் கியெம். வின்லோங் பக்கத்தில் ஆற்றங்கரைத் தோட்டக்காரர். ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த கழுத்து, அதற்குப் பொருந்தாத சலவைச் சட்டை. அக்கா செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டவர் கிளம்பவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. அவளாவே போயிட்டான்னு. அவ அம்மா கஞ்சிகூடக் குடிக்க மாட்டேங்கறா. நீங்கதான் கடைசியாப் பேசினவங்க. திரும்பி வரணும்னு நெனச்சாளா என் பொண்ணு?"

தியெப் அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள். கடற்கரையில் அவள் முழு முகத்தை நான் பார்த்தது அபூர்வம்.

"ஏன் நெனக்காம? நல்லா இருக்கு கேள்வி! 'பசிக்குது அத்தை, நான் வர்றதுக்குள்ள ஒரு தட்டு இறால் பணியாரம் சொல்லி வைங்க, சூடா இருக்கணும்'னு சொல்லிட்டுல்ல போச்சு! கல்லு வழுக்கிடுச்சுண்ணே. அந்தக் கல்லு எமன். என்னையே ரெண்டு தடவ சாய்ச்சிருக்கு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சூடாவா கேட்டா?" என்றார்.

"சூடாத்தான். கீரையும் நிறைய வைக்கச் சொல்லிச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

செருப்பு தருவதற்கு முன் சாப்பாட்டைக் கேட்கிற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். பதில் சொல்லத் தெரியாதவர்களை அவள் லேசில் விடுவதில்லை. ஒருநாள் ஒரு நடுத்தர வயதுக்காரர், "ஒண்ணும் வேணாம்மா, பசியில்ல" என்று சொன்னதற்கு, அவரைப் பிடித்து உட்காரவைத்து என் கடையிலிருந்து ரொட்டி வாங்கி ஊட்டாத குறையாகத் தின்னவைத்துவிட்டாள். வங்கியில் பெரிய வேலையில் இருப்பவராம், மனைவி போட்ட சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருந்தாராம். வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு ரொட்டி தின்றுவிட்டு மகிழ்ச்சியாகப் போனார்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் கியெம் வந்தார், ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு. அதற்கடுத்த வருடமும் வந்தார். வந்து, கூடையை வைத்துவிட்டு, குடை நிழலில் உட்கார்ந்து, "சொல்லு தங்கச்சி" என்பார். தியெப் அக்கா சொல்லுவாள். கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. லியென் சிரித்தாள். குடையைப் பார்த்து, 'இது எப்ப அத்தை பறக்கப் போவுது?' என்று கிண்டல் செய்தாள். அப்பா தோட்டத்துப் பழம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். அவர் வருகிற நாளுக்கு முதல்நாளே அக்கா என்னிடம் வந்து, "போன தடவ குடையைப் பத்தி சொன்னனா? மாத்திச் சொல்லிடக்கூடாது பாரு" என்று ஒத்திகை பார்த்துக்கொள்வாள். அவரிடம் கதை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றிரவு சாப்பிடமாட்டாள் என்று அவள் மருமகள் சொல்லியிருக்கிறாள்.

மாலையில் அவரை என் ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. போன வருடம், கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"லியெனுக்கு இறால் ஆவாது தம்பி."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"சின்ன வயசுல ஒரு தடவ தின்னுட்டு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு நின்னு, படகுல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதுக்கப்புறம் அந்த வாசனை வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவா."

வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டி வந்திருக்கும்.

"அப்ப மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வருசா வருசம் வந்து கேக்கறீங்க?"

"வீட்ல அவ அம்மாகிட்ட போய்ச் சொல்லணும்ல. பணியாரத்த மட்டும் எளநின்னு மாத்திடுவேன். மத்ததெல்லாம் அப்படியே சொல்லுவேன். அத வச்சுத்தான் அவ சோறு திங்கறா." பின்னாலிருந்து அவர் கை என் தோளுக்கு மேலே நீண்டு மலையைக் காட்டியது. "மலைமேல நிக்கறவரக் கேட்டேன். படுத்துருக்கற புத்தரக் கேட்டேன். அந்தத் திமிங்கலத் தாத்தா எலும்பையும் விடல. ஒருத்தரும் வாயத் தொறக்கல தம்பி. இந்தம்மா ஒருத்திதான் பதில் சொன்னாங்க. அவங்ககிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. இதைப் படித்து யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இல்லை. அக்கா பத்திரிகை படிப்பதில்லை. இதை நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாத மொழியில்.

இந்த வருடம் அவர் கூடை இல்லாமல் வந்தார். சட்டைக் கையில் துக்கத் துணி குத்தியிருந்தது. புத்தாண்டு கழிந்து சில நாளில் மனைவி போய்விட்டாளாம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானாகவே தொடங்கினாள்: "அன்னிக்கு லியென் வந்தப்ப..."

"வேணாம் தங்கச்சி," என்றார் கியெம். "இன்னிக்கு வேணாம். யாருக்குக் கொண்டுபோவப் போறேன்?"

எனக்குக் கொதிநீர் கையில் பட்டதுகூடத் தெரியவில்லை. கடல் நன்றாக வடிந்திருந்தது. கல்வரிசையில் நாலைந்து பேர் தள்ளாடிக்கொண்டு போனார்கள். கியெம் தன் செருப்பைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் அவர் அம்மன் பாறைப் பக்கம் தலை திருப்பியதுகூட இல்லை.

"ஒரு ஜோடி குடு. நானும் ஒருதரம் போறேன்."

போய்ட்டு வரேன் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தியெப் அக்காவுக்கு இது காதில் விழுந்திருக்காது. இப்போது விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற எனக்கே அவள் தோள்கள் விறைத்தது தெரிந்தது.

என்ன சாப்பிடுவீங்க என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு ஒரு ஜோடி எடுத்தாள். குனிந்து தானே மாட்டிவிட்டாள். பிறகு தனக்கும் ஒரு ஜோடி எடுத்தாள்.

"கடையப் பாத்துக்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால். சிப்பிக் கற்களில் அவர் தடுமாறித் தடுமாறிப் போனார். பாறையின் மேல் ஏறி, கோயில் வாசலில் ஊதுவத்தி கொளுத்தினார். கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இங்கிருந்து பார்க்க இரண்டு பேரும் கட்டைவிரல் அளவுதான். ஆனாலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஊதுவத்திப் புகை அவள் முகத்தில் அடித்தபோதும், அவர் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தபோதும், தியெப் அக்கா அவருடைய சட்டையின் பின்முனையை இடது கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள், தேர்க்கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல.