பேட்டரி இல்லாத ரிமோட்

இரண்டு முறை தள்ளிப்போன என் கண் ஆபரேஷனுக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்துவிட்டது. தள்ளிப்போனதற்குக் காரணம் கண் இல்லை — டிவி ரிமோட்!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

உக்கடம் பக்கம் போனபோது ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் வாங்கினேன். நிறைந்ததும் தானே நின்றுவிட வேண்டும், ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி லைட் எரிய வேண்டும்... பையனுக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. எண்ணிக்கையில்தான் கோட்டை விட்டேன்.

மனைவி எட்டு வாங்கச் சொன்னாள். நாலு ஓடும், நாலு சார்ஜில் இருக்கும் என்றாள். நாலு பேட்டரியைச் சும்மா உட்கார வைக்கவா காசு? கோயமுத்தூர்க்காரனுக்கு அதற்கு மனசு வருமா? நாலே நாலு வாங்கினேன். ரிமோட்டுக்கு இரண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு ஒன்று, கம்ப்யூட்டர் மவுஸுக்கு ஒன்று.

அப்புறம்தான் கண் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். ரத்தப் பிரஷர் இறங்கினால்தான் ஆபரேஷன், தினமும் சாயங்காலம் வீட்டிலேயே பாருங்கள் என்றார். பிரஷர் மெஷின் வந்தது. அதற்கு எத்தனை பேட்டரி தெரியுமா? நாலு!

அன்றிலிருந்து நாலும் மெஷினில் இருக்கும், இல்லையென்றால் சார்ஜரில் இருக்கும். கடிகாரம் நின்றது. மவுஸ் படுத்தது. ரிமோட் வெறும் டப்பா. இன்னும் நாலு வாங்கினால் என்ன என்கிறீர்களா? வாங்கினால் மனைவி சொன்னது சரி என்று ஆகிவிடுமே...

இந்த நேரம் பார்த்துச் சம்மந்தி வந்தார். என் மகனின் மாமனார், துடியலூர்க்காரர். அவர் வீட்டில் பெயின்ட் வேலை முடிகிறவரை எங்களோடு தங்கல். சம்மந்தியைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? தினமும் சாயங்காலம் சுவரில் சுவிட்சைத் தட்டி டிவி போட்டுக் கொடுப்பேன். ரிமோட் வேலை செய்யாததால் அதே சேனல், என்றைக்கோ மிக்ஸிக்குப் போட்டியாக மனைவி ஏற்றி வைத்த அதே சத்தம். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதம்.

அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். மனுஷனுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றிக்கொள்வேன். மெஷின் நூற்று எழுபது என்று காட்டும். டாக்டர் தலையை ஆட்டுவார். தேதி தள்ளிப்போகும். பயமாகத்தான் இருந்தது. எதிரே வரும் பஸ்ஸின் நம்பரே தெரியாத நிலையில் இருந்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மழை. கரண்ட் போய்விட்டது. அந்த அமைதியில் பிரஷர் பார்த்தேன். நூற்று முப்பது!

பக்கத்தில் சம்மந்தி சோபாவில் சாய்ந்து, "அப்பாடா" என்றார்.

"ஏனுங்க சம்மந்தி, டிவி நின்னது உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா?" என்றேன்.

"நீங்க ஆசையாப் போட்டு உடறீங்க... வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? ரிமோட்டுல பேட்டரி இல்லைன்னு வந்தன்னிக்கே பாத்துபோட்டேனுங்க. அடுத்த நாளே நாலு வாங்கிப் பையில வெச்சுபோட்டேன். குடுத்தா, உங்க ஊட்டுல இதுகூட இல்லீங்களான்னு கேட்டாப்புல ஆயிருமேன்னுதானுங்க..."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பாவம், இத்தனை நாளும் என் மானத்துக்காகக் காதைக் கொடுத்திருக்கிறார்.

அவர் பையைத் திறந்து பேட்டரியை எடுத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்... இருக்கட்டுங்க."

அவரும் சரி என்று பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். உடனே கரண்ட் வந்தது. ஆறு பேரும் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். "அந்த நாலையும் இப்படிக் குடுங்கண்ணா" என்று கையை நீட்டினாள். இரண்டை ரிமோட்டில் போட்டாள், டிவியை அணைத்தாள். மிச்சம் இரண்டில் ஒன்றைக் கடிகாரத்தில் மாட்டிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். கண்ணை டாக்டர் பார்த்துக்கொள்வார். இந்த 'இருக்கட்டுங்க'வை எந்த டாக்டரிடம் காட்டுவது?