அவர் கேட்கும் விதம்

உலகம் முழுக்கத் தெரிந்த அந்த லண்டன் துப்பறிவாளராகப் பலர் நடித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து கிடைத்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருவர்தான். அவருடைய தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பான வரிசையிலேயே பார்ப்பேன். முன்பின்னாகப் பார்த்தால் அவர் நடிப்பு எப்படி மாறிவந்தது என்பது பிடிபடாது.

போன தசரா முடிந்த மூன்றாம் நாள் காலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதறிப்போன ஒரு பெண் தன் கதையைச் சொல்கிறாள். அவர் கண்களை மூடிக்கொள்கிறார். அவள் தடுமாறும் இடத்தில் சொல் எடுத்துக் கொடுப்பதில்லை; காத்திருக்கிறார். மற்ற நடிகர்கள் அங்கே புத்திசாலித்தனத்தைக் காட்டுவார்கள். இவர் கேட்பதை மட்டுமே நடிக்கிறார்.

"சும்மனே டிவி பாத்துண்டு உக்காந்திருக்கியேடா! என் சங்கிலி போயிருக்கு."

பண்டிகைக்கு மைசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா. அலமாரியில் வைத்த இரட்டை வடச் சங்கிலி முந்தின நாள் மாலை பார்த்தபோது இல்லையாம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மீது அவளுக்குச் சந்தேகம். என்னிடம் சொல்வதற்கு முன்பே எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அங்கேயும் வேலை.

சற்று நேரத்தில் அவளே வாசலில் வந்து நின்றாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி. அன்று செருப்பைக் கழற்றவில்லை.

"எதுத்த ஊட்டுல இனி வராதேன்னுட்டாங்க சார். பேரு கெட்டுப்போனா இந்தத் தெருவுல ஒரு ஊட்லயும் சேத்துக்கமாட்டாங்க."

"போலீஸ் வந்தா தானா வெளில வரும்" என்றாள் அக்கா.

"வரட்டுமுங்க. என்ர பையக் கொட்டிப் பாருங்க. பாத்துட்டு உங்க பையையும் கொட்டுங்கம்மா."

அக்கா போனை எடுத்தாள். நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கூப்பிடு. அதுக்கு முன்னாடி, கடைசியா எப்போ போட்டுண்டே, மொதல்லேர்ந்து சொல்லு."

"பெரிய துப்பறியறவன்னு நெனப்பா?"

கேட்டாளே தவிர, போனை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அவள் நிறுத்திய போதெல்லாம் ஏதாவது கேட்டுவிட நாக்கு துடித்தது. திரையில் சும்மா இருப்பதுபோல் தெரிவது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

"விஜயதசமி அன்னிக்கு ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பாத்தோம். அப்புறம் நம்மாத்துக் கொலு பாக்க நாலு பேர் வந்தா. ராணி பொம்மை கழுத்து மூளியா இருக்குன்னு யாரோ சொன்னா. போட்டோவுக்காக..."

பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். வாசலில் இருந்தவளும் அசையவில்லை.

"ராத்திரி பொம்மையைப் படுக்க வெக்கறச்சே கழட்டினேனோ?"

மைசூர்க் கொலுவில் ராஜா ராணி மரப்பொம்மைகளுக்குத்தான் முதல் மரியாதை. விஜயதசமி இரவு அவற்றைப் படுக்கவைத்து, மறுநாள் அலங்காரத்தோடு பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். ராணியைச் சுற்றிய துணியை அக்காவே பிரித்தாள். சரிகைப் பாவாடை மடிப்புக்குள் சங்கிலி கிடந்தது.

"நல்லவேளை, ஆத்துலயேதான் இருந்திருக்கு" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. எதுத்த ஊட்டுக்கு வந்து சொல்லுங்க. கழுத்துல போட்டுட்டே வாங்க."

அக்காவுக்குக் கொக்கி மாட்ட வரவில்லை. இரண்டு முறை நழுவியது. அந்தப் பெண் உதவிக்கு வரவில்லை. மாட்டி முடியும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு முன்னால் நடந்தாள். அக்கா பின்னால் போனாள்.