கப்பல் ஊதிய சத்தம்

மயக்க மருந்து கொடுக்கிற எனக்கு, ஊசி இறங்கும்போது நோயாளி வளவளவென்று பேசிக்கொண்டிருந்தால்தான் நிம்மதி. பேச்சு நின்றால் உடனே மானிட்டரைப் பார்ப்பேன். ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அன்று வந்தவரோ வாயே திறக்கவில்லை.

விசைப்படகின் இன்ஜின் டிரைவர். வலை இழுக்கும் கயிற்றில் வலது கை சிக்கி, முன்கை எலும்பு முறிந்திருந்தது. நான் என்ன கேட்டாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவிதான் பதில் சொன்னார்.

“இன்ஜின்கிட்டயே நின்னு நின்னு அவருக்குக் காது அவுட்டு டாக்டரம்மா. காதுல வாய வச்சு கத்துனாதான் கேக்கும். வூட்லயும் கையாலதான் பேச்சு. கைய மூடுனா இன்ஜின நிறுத்து, விரிச்சா ஓட்டு. அந்தக் கை போச்சுனா இன்னா பண்ணுவாரு?”

“போகாதும்மா,” என்றேன். கரையேறியதும் கூட்டாளிகள் பாசத்தில் டீயும் பன்னும் ஊட்டிவிட்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது. வயிறு நிறைந்தவரை முழுதாக மயக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் கையை மட்டும் மரக்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே ஊசியை இறக்கி, ஸ்கேன் திரையில் நரம்புகளைப் பார்த்தபடி பியூபிவகைன் என்ற மரப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினேன். பாதி மருந்து போயிருக்கும்.

“கப்பல் ஊதுது,” என்றார் அவர்.

நர்ஸ் சிரித்தாள். “ஹார்பர் பக்கத்துலதான கீது. ஊதிகினேதான் இருக்கும்.”

வெளியே நிஜமாகவே ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. எனக்கும் கேட்டது. ஆனால் இவருக்கு எப்படிக் கேட்கும்?

என் கை நின்றது. இந்த மருந்து ரத்தத்தில் ஏறினால் காதுக்குள் இரைச்சல் கேட்கும். ஊசியை உருவினேன். “நாக்கு மரத்துப்போச்சா?” என்று அவர் காதில் கத்தினேன். பதில் வருவதற்குள் உதடு துடித்தது. உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது.

ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்து வலிப்பை அடக்கும் மிடசோலம் ஊசி போட்டேன். வலிப்பு அடங்கியது, ஆனால் இதயத் துடிப்பு தளர்ந்துகொண்டே போனது. ரத்தத்தில் ஏறிய மருந்தை இழுத்துக்கொள்ளப் பால் நிறத்தில் ஒரு கொழுப்பு மருந்து உண்டு. அது ஐ.சி.யூ. அலமாரியில் இருந்தது. “ஓடு!” என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். அவள் திரும்பும்வரை எனக்கு உயிர் இல்லை. பாட்டில் ஏறத் தொடங்கிய பிறகும் துடிப்பு உடனே சரியாகவில்லை. பாவி, ஒரு டீ குடித்ததற்கா இந்தத் தண்டனை என்று மனதுக்குள் புலம்பினேன். மெல்ல மெல்லத்தான் சீரானது.

“கை மரத்திருக்குமே, ஆரம்பிச்சிடலாமா?” என்ற சர்ஜனை முறைத்தேன். ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

அவர் கண் விழித்ததும் மனைவியை உள்ளே விட்டோம். வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. இடது கையை இறுக்கி மூடி என்னிடம் காட்டினார்.

“கை போய்டுச்சானு கேக்குறாரு டாக்டரம்மா,” என்று அந்த அம்மா அழுதார்.

மருந்து இறங்கினால் உணர்வு வந்துவிடும் என்று காதில் கத்தக் குனிந்தேன். அவர்களுடைய கைப்பேச்சு நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து, அவர் கண்ணெதிரே என் கையை மூடினேன். மெதுவாக விரித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இடது கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.