தாத்தாவின் தலைமாட்டு விளக்கு

இந்த ஊரில் பிள்ளை அழுதால் யாரும் ஓடிப்போய்த் தூக்குவதில்லை. நான் சொல்வது நெதர்லாந்தில், கடலுக்குப் பக்கத்தில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஒரு சின்ன ஊரை. போன வாரம் கடையில் பால் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒரு பொடியன் தரையில் மல்லாந்து படுத்து, கைகாலை உதறி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து "ருஸ்தஹ், ருஸ்தஹ்" என்று சொன்னாள். அமைதி, அமைதி என்று அர்த்தம். அதோடு சரி, சும்மா இருந்துவிட்டாள். ஜனங்கள் தள்ளுவண்டியை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். இதே பையன் எங்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இப்படிப் படுத்திருந்தால் இதற்குள் நாலு பேர் தூக்கியிருப்பார்கள், ரெண்டு பேர் தாயைத் திட்டியிருப்பார்கள், யாராவது ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்திருப்பார்கள். இங்கே அவன் தானாக ஓய்ந்து, தானாக எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தான். வந்து இத்தனை வருஷமாகியும் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது.

என் மகள் யாழினி இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் தினமும் அழுதாள். அவளுடைய டீச்சரம்மா, இங்கே பிள்ளைகள் 'யுஃப்' என்று கூப்பிடுவார்கள், என்னை வரச்சொன்னார். குட்டி நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார வைத்து, "வீட்டில் இவள் அழுதால் நீங்கள் எப்படி அமைதிப்படுத்துவீர்கள்?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னேன். "விழுந்து அழுதால் தரையை அடிப்போம்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரை அடிப்பீர்கள்?" "தரையை. பிள்ளையைத் தள்ளிவிட்டதே, அதற்காக." அவர் ரொம்ப மெதுவாக, "ஆனால் தரை ஒன்றும் செய்யவில்லையே" என்றார். அது எங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்த டச்சில் விளக்கப் போய், இன்னும் மோசமாகிவிட்டது. அன்றைக்கு அவர் எனக்கும் சேர்த்து ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். ஒரு கையின் விரலைப் பூவென்று நினைத்து மூக்கால் இழுத்து முகர வேண்டும். இன்னொரு கையின் விரலை மெழுகுவத்தி என்று நினைத்து வாயால் ஊதி அணைக்க வேண்டும். பூவை முகர், மெழுகுவத்தியை ஊது. அழுகை அடங்கும்வரை இதையே செய்ய வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு இந்த மாதிரி வித்தையெல்லாம் தெரியாது. எங்கள் ஊர் திருப்புலிவனத்தில் அப்போது பிள்ளைகளை அமைதிப்படுத்த இரண்டே வழி. முதுகில் ஒன்று வைத்து, "அழுத, இன்னும் ரெண்டு வுடுவேன்" என்பது ஒன்று. இதில் அழுகை நிற்கும், விக்கல் நிற்காது. அப்பா கோபமில்லாத நாளில் இரண்டாவது வழி. அழுகிறவனை அப்படியே தூக்கி மொபெட்டின் முன்னால் நிறுத்திக்கொண்டு உத்திரமேரூர் ஏரிப் பக்கம் விடுவார். ஏன் அழுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காற்று முகத்தில் அடிக்க அடிக்க அழுகை தானாகத் தேயும். எந்த இடத்தில் தேய்ந்ததோ அந்த இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவார். எனக்குள் என்ன ஓடுகிறது என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியாது, அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்கும் தெரியாது. அப்படியே பழகிவிட்டோம்.

டீச்சரம்மாவின் வித்தை பலித்தது, அதைச் சொல்லியாக வேண்டும். யாழினி ஒரே மாதத்தில் தேறிவிட்டாள். ஷூ நாடா கட்ட வராவிட்டாலும் பூ, பல் ஆடினாலும் மெழுகுவத்தி. நானும் என் மனைவியும் வாய்ச்சண்டை போட்டால் நடுவில் வந்து நின்று இரண்டு விரலை நீட்டுவாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும், எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் ஊதுவேன். தான் கற்றுக்கொண்டதைப் பிறருக்குக் கொடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

போன கோடையில் அப்பா படுத்த படுக்கையானார். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. பேத்தியைப் பார்க்கணும் என்று அப்பா கேட்டாரே என்று யாழினியை மட்டும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது என் அக்கா செல்வி. கல்யாணமாகி மானாம்பதிக்குப் போனவள், புருஷனை விட்டுவிட்டு எப்போதோ பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, எல்லாம் அவள்தான். நான் பணம் அனுப்பிய மகராசன். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அப்பா போய்விட்டார்.

வாசலில் ஷாமியானா போட்டு, கண்ணாடி ஐஸ் பெட்டியில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு படி நெல், அதன் பக்கத்தில் அகல் விளக்கு. பிணத்தை எடுக்கும்வரை அது அணையக் கூடாது. போகிற உயிருக்கு அதுதான் வெளிச்சம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எண்ணெய் ஊற்றி ஊற்றி அக்காவே அதைக் காத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளையெல்லாம் எதிர்வீட்டில் வைத்திருந்தார்கள். யாழினி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். நான் கொள்ளி வைக்கிறவன். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு பந்தல் ஓரத்தில் நின்றிருந்தேன். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா மார்பில் அடித்துக்கொண்டு, "எப்பா, என்ன தனியா வுட்டுட்டுப் பூட்டியே" என்று கதறினாள். பெரியவர்கள் இப்படி அழுது என் மகள் பார்த்ததே இல்லை. முதலில் மிரண்டாள். பிறகு நேராக அத்தையிடம் போனாள். அவள் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, "அத்தை, ருஸ்தஹ். நான் சொல்லித்தரேன்" என்றாள்.

அக்கா காதில் விழவே இல்லை. செய்து காட்டினால் புரியும் என்று யாழினி நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெறும் விரல்கள்தான். இங்கே பூவும் இருந்தது, எரிகிற திரியும் இருந்தது. பெட்டி மேலிருந்த மாலையில் ஒரு ரோஜாவைப் பிய்த்து ஆழமாக முகர்ந்தாள், அத்தையின் மூக்கிலும் வைத்தாள். பிறகு குனிந்து, கன்னத்தை உப்பி, விளக்கை ஊதினாள்.

அழுகை நின்றுவிட்டது. வித்தை பலித்தது என்று என் மகள் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடுத்த கணம் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாடி பண்ணிட்ட? தாத்தாவ இருட்டுல வுட்டுட்டியேடி பாவி!"

யாழினி திரும்பி என்னைத் தேடினாள். எனக்கு இந்த விளக்கு, வழி, வெளிச்சம் எதிலும் நம்பிக்கை கிடையாது, சத்தியமாகக் கிடையாது. ஆனாலும் நான் முதலில் பார்த்தது அணைந்த திரியைத்தான். அவளை அப்புறம்தான் பார்த்தேன். ஓர் அடி எடுத்து வைத்தேன். பங்காளிப் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிச்சிட்டு வந்து நிக்கிற, இப்ப யாரையும் தொடாத நைனா." நான் நின்றுவிட்டேன். யாரோ தீக்குச்சி கிழித்தார்கள், விளக்கு மறுபடி எரிந்தது, மேளம் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி யாழினியைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். யாழினியை இழுத்து அணைத்துக்கொண்டு, "அத்த பேஜார்ல இன்னாவோ சொல்லிட்டேண்டா கண்ணு, மனசுல வச்சிக்காத" என்று அழுதாள். யாழினி "ஓகே" என்றாள். விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, தாத்தாவுக்கு வழி தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்மா."

"அந்த இருட்டுல நீ எப்படிப் பார்த்த?"

நான் அவளுடைய சீட் பெல்ட்டைச் சரிசெய்தேன்.

இங்கே வந்த பிறகு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பூவை முகர்ந்து மெழுகுவத்தியை ஊதும்போது இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாளாம். டீச்சரம்மா கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டுவிட்டு, "விளக்கை மறுபடி ஏற்றினீர்களா?" என்றார். உடனே ஏற்றினோம் என்றேன். "அப்படியானால் அதை அவளிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிட்டதே" என்றார். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு கொஞ்சநேரம் இருட்டாக இருந்தது அல்லவா, அந்த நேரத்தில் தாத்தா எங்கே இருந்தார் என்று அவள் கேட்கிறாள். இந்தக் கேள்வியை டச்சில் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. ஊரில் சொன்னாலோ, "சின்னக் கொயந்த, ரெண்டு நாள்ல மறந்துடும்" என்பார்கள். அங்கே எல்லாருமே மறந்துவிட்டார்கள். 'இருட்டுல வுட்டுட்டியே' என்ற வார்த்தையை அவளிடம் கொடுத்த ஊருக்கு அதைத் திரும்ப வாங்கத் தெரியவில்லை, ஆற்றத் தெரிந்த ஊருக்கு அது என்னவென்றே புரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு தகப்பன் என்று இருக்கிறேன்.

நேற்று அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே பள்ளி விட்டு வந்த நேரம், அங்கே விளக்கு வைக்கிற நேரம். "யாயினி எங்கடா? அவகிட்ட குடு" என்றாள். அக்கா வாயில் என் மகள் எப்போதும் யாயினிதான். யாழினி வந்து என் மடியில் உட்கார்ந்தாள். அக்கா போனைத் திருப்பி அப்பாவின் படத்தைக் காட்டினாள். படத்துக்கு முன்னால் விளக்கு நின்று எரிந்தது. "பாத்தியா கண்ணு? தாத்தாக்கு வெளக்கு எரிஞ்சிக்கினே கீது. அத்த ஒருநாளும் அணைய வுடல. நீ பயப்படாத, இன்னா?"

பிள்ளையின் மனசை ஆற்றத்தான் அக்கா அதைச் செய்தாள். நன்றாகத் தெரியட்டும் என்று போனைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திரை முழுக்க நெருப்பு. யாழினி சட்டென்று பின்னால் சாய்ந்து என் மார்பில் முட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். அவள் முதுகு என் மேல் அசையாமல் இருந்தது. மூச்சே விடவில்லை.

"ஏண்டா, புள்ள ஏன் மூஞ்ச மூடிக்கினு கீது? இன்னும் எம்மேல கோவமா?" என்று அக்கா அங்கிருந்து கேட்டாள்.

இல்லைக்கா என்றேன். சொல்லிக்கொண்டே நானும் கையை நீட்டி, போனை எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தேன்.