வெல்வெட்டின் மேல் ஒரு சரிவு

எழுபதுகளின் பிற்பகுதியில், புதுச்சேரி நூற்பாலை ஒன்றில், பஞ்சின் இழை நீளத்தை அளப்பது என் வேலையாக இருந்தது. அளக்கும் அறையில் மின்விசிறியைச் சுழலவிட மாட்டோம். சன்னல்களும் சாத்தியே இருக்கும். கடற்காற்று கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். ஈரம் குறையாதிருக்க மூலைகளில் தண்ணீர்த் தட்டுகள் வைத்திருந்தோம். காலையில் உள்ளே நுழைந்தால் ஒரு குளத்தின் அடியில் இறங்கியது போலிருக்கும். இயந்திரக் கூடத்தின் இரைச்சல்கூட நீரைக் கடந்து வருவதுபோல் மழுங்கியே கேட்கும்.

பேல் எனும் பஞ்சுப் பொதியிலிருந்து எடுத்த பஞ்சில் ஒரு சிட்டிகையை, வரிசையாக நிறுத்திய எஃகுச் சீப்புகளுக்குள் அழுத்துவேன். பிறகு இடுக்கியால் நீண்ட இழைகளை முதலிலும் குட்டையானவற்றைப் பின்னுமாக உருவி, கருப்பு வெல்வெட் பலகையில் பக்கம் பக்கமாகப் படுக்க வைப்பேன். எல்லா இழைகளின் அடிநுனியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முடிவில், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் ஒரு வெள்ளைச் சரிவு தோன்றும். அதைத் தாளில் படியெடுத்து அளந்தால், நீண்ட இழை எவ்வளவு, குட்டை இழை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சரிவின் மேல் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. மூச்சை அடக்கி இழைகளை அடுக்கும்போது, நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். கதவருகே போகிறவர்கள், "மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறாப்பல ஒக்காந்திருக்குது பாரு" என்று கேலி செய்வார்கள்.

ஒரு நாள் முற்பகலில், நூற்பு இயந்திரத்தில் அறுந்த நூலை ஒட்டும் தொழிலாளி ஒருவர் வாசலில் வந்து நின்றார். முத்தியால்பேட்டைக்காரர், நாற்பது வயதைக் கடந்தவர். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட அவருக்குத் தயக்கம்.

"என்ன அண்ணே?"

"யம்மா, எம் மிஷின்ல நூலு அறுந்துட்டே இருக்குது. ரெண்டு மெமோ குடுத்துட்டாங்க. இன்னொன்னு வந்தா வீட்டுக்குத்தான். பஞ்சு நல்ல பஞ்சுன்னு உங்க ரிப்போர்ட்டு சொல்லுதாம். அப்ப உன் கைதான் சரியில்லன்றாரு மானேசரு."

குறை சொல்லும் குரலில்லை. அளப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்டார். முக்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கூடத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பஞ்சையே வரவழைத்து அளக்கத் தொடங்கினேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சரிவு மெல்ல மெல்லத் தாழ்ந்து, அழகாக முடிந்தது. வழக்கம்போல, சீப்பின் பற்களில் மிஞ்சியிருந்த பொடி இழைகளைத் தூரிகையால் தள்ளினேன்.

"அத ஏம்மா தள்ளுறீங்க?"

"அதெல்லாம் சுருண்டுக்கும் அண்ணே. நேரா நிக்காது. கோட்டையே கெடுத்துடும்."

"எங்களுக்கு அதயும் சேத்துத்தானே அனுப்புறாங்க?"

தூரிகை என் கையில் அப்படியே நின்றது. ஒரு வருடமாக நான் தள்ளியவை அத்தனையும் குட்டை இழைகள். பிடிப்பில்லாமல் நூலை அறுப்பவை அவைதான். சோம்பலால் அவற்றை விட்டிருந்தால்கூட அறிக்கையைச் சரிபார்க்க என்றாவது தோன்றியிருக்கும். அழகுக்காக விட்டதால் எனக்கு உறுத்தவேயில்லை.

அவரை அனுப்பிவிட்டு, அதே பஞ்சில் இன்னொரு சிட்டிகை எடுத்தேன். இம்முறை ஒன்றையும் தள்ளவில்லை. கண்ணுக்கே எட்டாத பொடிகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் படுக்க வைத்தேன். மாலைச் சங்கு ஊதும்போதுதான் முடிந்தது. சரிவுக்கு இப்போது நீண்டு இழுபடும் ஒரு வால் இருந்தது. பார்க்க நன்றாயில்லை. அதைத்தான் படியெடுத்தேன்.

மறுநாள் புதிய அறிக்கையோடு, முந்தைய அறிக்கைகள் பிழையானவை என்று ஒரு கடிதமும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"தப்பு உங்களோடதுன்னு நீங்களே எழுதித் தர்றீங்களாம்மா?"

"ஆமா சார்."

"இந்தக் கடுதாசிய மட்டும் கிழிச்சுட்டா, பஞ்சு வித்தவன் மேலயே சொல்லிக்கலாம்."

"நூல் ஒட்டுற அண்ணனோட மெமோவும் அப்போ கிழியுமா சார்?"

மேலாளர் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். அந்த வாரமே பஞ்சுக் கலவையை மாற்றினார்கள். தொழிலாளியின் இரண்டு மெமோக்களும் திரும்பப் பெறப்பட்டன. எனக்கு ஒன்று வந்தது.

சில நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில் அந்தத் தொழிலாளி சன்னல் கண்ணாடியைத் தட்டினார். எழுந்து போய்த் திறந்தேன்.

"எங்கிட்டேர்ந்து புடுங்கி உங்களுக்குக் குடுத்துட்டாங்களாமே, யம்மா? என்னா எழுதியிருந்துது?"

"கவனக்குறைவுன்னு, இங்கிலீஷ்ல."

"எனக்கும் இங்கிலீஷ்லதான். ஒரு எழுத்து தெரியாமயே பயந்துட்டிருந்தேன். நீங்க படிச்சுட்டு பயந்திருப்பீங்க."

"ஆமாம் அண்ணே."

"அப்ப உங்களுக்குத்தான் பயம் சாஸ்தி" என்று சிரித்தவர், இயந்திரம் காத்திருக்கிறது என்று கூடத்தை நோக்கி நடந்தார். சன்னலை உடனே சாத்த எனக்கு மனம் வரவில்லை. வெல்வெட்டின் மேலிருந்த இழைகள் கடற்காற்றில் ஒவ்வொன்றாக எழும்பின.