சேர்த்து எழுதிய பெயர்

கப்பலூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், மக்கள் தொடர்புப் பிரிவில் சாதிகாவுக்கு வேலை. அறிவிப்பு, அழைப்பிதழ், இணையதளம் எல்லாம் அவள் பார்வைக்கு வந்துதான் வெளியே போகும். அவள் சேர்ந்தபோது அங்கே ஆளுக்கொரு வழக்கம். ஆங்கிலத்தில் துணைவேந்தருக்குப் பெரிய எழுத்து, பேராசிரியருக்குச் சின்ன எழுத்து. ஒரே துறையின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் மாறும். எல்லாவற்றுக்கும் பொது விதிகள் எழுதி, போன கோடையில் இணையதளத்தை முழுவதும் திருத்தினாள். வில்லாபுரத்து வீட்டில் கணவன் அல் அமீன், "இனி மளிகைச் சீட்டையும் திருத்திருவ போல" என்று கேலி செய்தான்.

ஒரு நாள் காலை தமிழ்வாணி என்ற பழைய மாணவி போன் செய்தாள். வெளிநாட்டில் ஒரு மருந்து நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்திருந்தது. சான்றிதழைச் சரிபார்த்தவர்கள் அந்த நியமனத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

"என் சர்டிபிகேட்ல பயோ தனியா, டெக்னாலஜி தனியா, ரெண்டுக்கும் கேப்பிடல் போட்டுருக்கு மேடம். உங்க வெப்சைட்ல ஒரே வார்த்தையா இருக்கு. இப்படி ஒரு கோர்ஸே இல்லையேங்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம்."

சாதிகா இணையதளத்தைத் திறந்து பார்த்தாள். சேர்த்து எழுதியது அவள்தான்.

இணையதளத்தைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று தேர்வுப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இன்னொரு குழப்பம். முந்தைய ஆண்டுகளின் சான்றிதழ்களில் சேர்த்தும், பிந்தியவற்றில் பிரித்தும் அச்சாகியிருந்தது. எப்படி மாற்றினாலும் யாரோ ஒருவர் மாட்டுவார். இரண்டும் ஒரே படிப்புதான் என்று பல்கலைக்கழகமே கடிதம் கொடுப்பதுதான் வழி.

பதிவாளர் சிவசங்கரன், அவள் எழுதிக்கொண்டுபோன கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"யாரும்மா வெப்சைட்ல மாத்தச் சொன்னது?"

"நாந்தான் சார் மாத்துனேன். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு."

"சர்டிபிகேட்ட பாக்காமயா? இதுல கையெழுத்துப் போட்டா, நாமளே ரெண்டு மாதிரி கொடுத்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆகும்."

"கொடுத்துருக்கோம்ல சார். அந்தப் பொண்ணு போலின்னு ஆகிரக் கூடாது."

அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அன்றே சாதிகா அதைத் தமிழ்வாணிக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாதிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். தானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை. சனி, ஞாயிறும் அப்படியே போயின. திங்கட்கிழமை மதியம்தான் தமிழ்வாணி பேசினாள்.

"ஓகே சொல்லிட்டாங்க மேடம். அடுத்த மாசம் போறேன்."

சாதிகா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இணையதளத்தில் அந்தப் படிப்பின் பக்கத்தில் பதிவாளரின் விளக்கத்தையும் சேர்த்தாள். இனித் தேர்வுப் பிரிவைக் கேட்காமல் எந்தப் படிப்பின் பெயரையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். ஆனாலும் மனம் அடங்கவில்லை. இந்தப் பெண் போன் செய்து கேட்டாள். கேட்காமலே வேலையை இழந்துவிட்டவர்கள் யாராவது இருப்பார்களோ என்ற எண்ணம், வீட்டுக்குத் திரும்பும் பேருந்தின் நெரிசலில் நிற்கும்போதும் அவளை விடவில்லை.